கழுத்து வளைந்த பூக்களும் மெயின் கேட்டும்

பூவைத் தரம் பிரிக்கிற கிரேடிங் ஷெட்டுக்குப் புதிதாக சூப்பர்வைசராக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும், உங்களுக்கு முன்னால் அந்த மேசை ஓரம் நின்றவன் எழுதுவது.

நம் பண்ணையின் ஆண்டு மலருக்கு நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பாலிஹவுசுக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. பூவைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பெருமையான காரியமாக இருந்திருந்தால் என் பிரிவு உபசார விழா அன்றைக்கே மைக்கைப் பிடித்துச் சொல்லியிருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆன சமயம். தெற்கே திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நான், ஓசூரில் இரண்டு கம்பெனி மாறி, கடைசியில் பாகலூர் ரோட்டில் இருந்த நம் ரோஜாப் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். அந்த ஷெட்டின் வாசனை இப்போதும் என் மூக்கில் நிற்கிறது. பூ வாசனை இல்லை. ஏற்றுமதி ரோஜாவுக்கு வாசனையே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். உருவிப் போட்ட பச்சை இலை மிதிபடும் வாசனை, ஈர அட்டைப்பெட்டி வாசனை, பத்தரை மணி டீயில் தட்டிப் போட்ட இஞ்சி வாசனை. ஒரே மேசையில் மூன்று பாஷை ஓடும். கேலி தெலுங்கில், சண்டை கன்னடத்தில், லீவு கேட்பது தமிழில். ஜனவரி மாதத்துப் பனியில் கையுறை போட்டும் விரல் மரத்துப் போகும். ஆனாலும் அந்தப் பெண்கள் பேச்சை நிறுத்த மாட்டார்கள். அந்தச் சத்தத்துக்காகவே மறுபடி ஒரு நாள் போய் நிற்கலாம் போல இருக்கிறது.

அப்போது ரிஜெக்ட் பூவுக்கு ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. கழுத்து வளைந்தது, இதழ் கருகியது, காம்பு குட்டையானது எல்லாவற்றையும் தலை வேறு, காம்பு வேறாக நறுக்கி உரக்குழிக்கு அனுப்ப வேண்டும். ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. காரணம் இருந்தது. அந்தச் சிவப்பு ரகம் வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொந்தம். ஒரு காம்பின் கணுவில் இருக்கிற முளைக்கண்ணை எடுத்து வேறு செடியில் ஒட்டுக் கட்டினால் அதே ரகம் வந்துவிடும். காம்பு வெளியே போனால் ரகமே திருட்டுப் போன மாதிரி.

அந்த மழைக்காலம் முடிகிற நேரத்தில் இரண்டு பெண்கள் வேலை கேட்டு வந்தார்கள். மாமியாரும் மருமகளும். பாகலூருக்குப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மகன் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துவிட்டான்.

"இவ எங்கூட்டு மருமக, முனிரத்னா," என்றார் மாமியார். "எம்மகன் போயி ஆறு மாசமாச்சு. இவங்கம்மா வூடு மாலூரு பக்கம். போயிடு தாயி, உனுக்கு வயசிருக்குதுன்னு சொல்லிட்டேன். போவ மாட்டேங்குறா சார். நீங்களாச்சும் சொல்லுங்க."

"வேலை கேக்க வந்தீங்களா, புத்தி சொல்லச் சொல்லி வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"வேலதான் சார்," என்றாள் மருமகள். "நா போயிட்டா அத்தைக்கு யாரு இருக்காங்க? சுடுதண்ணி வெக்கக்கூட வராது. என்னைத் திட்ட மட்டுந்தான் வரும்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். மருமகளை மேசையில் சேர்த்துக்கொண்டேன்.

நான் கிறிஸ்தவன், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன். வீட்டில் தினம் சாயங்காலம் ஜெபம் உண்டு. இந்த இருவரையும் பார்த்தவுடன் வேதத்தில் வரும் ஒரு விதவை மருமகள் நினைவுக்கு வந்துவிட்டாள். டீ நேரத்தில் அந்தக் கதையை மேசைப் பெண்களுக்குச் சொன்னேன்.

ஒரு பஞ்சத்தில் பக்கத்து தேசத்துக்குப் பிழைக்கப் போன குடும்பம். போன இடத்தில் தகப்பனும் இரண்டு மகன்களும் இறந்துபோனார்கள். மாமியார், நீ உன் தாய் வீட்டுக்குப் போ என்று சொல்லியும் ஒரு மருமகள் போகவில்லை. மாமியாரின் ஊருக்கே கூட வந்து, அறுப்பு வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிச் சாப்பாடு போட்டாள். அந்தக் காலத்துக் கட்டளையே அப்படி. வயல் ஓரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது, மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது, அது விதவைக்கும் அயலூர்க்காரனுக்கும் சேர வேண்டியது. அந்த நிலத்துக்காரன் நல்லவன். அவன் ஒரு படி மேலே போய், வேண்டுமென்றே சில கதிர்களைக் கீழே விடுங்கள், அவள் எடுத்துக்கொள்ளட்டும், யாரும் அவளை அதட்ட வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லி வைத்தான்.

மேசையின் தலைப்பெண் சரோஜா, தர்மபுரிக்காரி. கத்தரியை நிறுத்தாமலே கேட்டாள். "அப்ப நாமளும் கீழ வுடணுங்களா சார்?"

"விடுங்க," என்றேன். "யாருகிட்டயும் சொல்லிக்க வேண்டாம்."

பெல் அடித்துவிட்டது. கதையின் பின்பாதியைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கழுத்து வளைந்த பூக்களில் கொஞ்சத்தைத் தலை மட்டும் கிள்ளி ஒரு வாளியில் ஒதுக்குவார்கள். முனிரத்னா அதைத் துணிப்பையில் கட்டி எடுத்துப் போவாள். மறுநாள் மாமியார் கோயில் பக்கம் உதிரிப் பூவாக விற்பார். கேட்டிலிருந்த பழைய வாட்ச்மேனுக்கு நான் தலையை ஆட்டினால் போதும். சில நாள் நல்ல பூவும் ஒன்றிரண்டு அந்த வாளிக்குள் விழும். நான் பார்க்காதது மாதிரி நிற்பேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம். வேதத்தில் வந்த அந்த நிலத்துக்காரன் நான்தான் என்று ஒரு எண்ணம். எழுதிக் கொடுத்த அனுமதி ஒன்றும் கிடையாது. மேலே யாருக்கும் தெரியாது. நன்மை செய்கிறேன், அதை எதற்கு நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று அதையும் பக்தியாகவே நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி வந்தது. காதலர் தின சீசன் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்த வாரம் இரண்டு காரியம் சேர்ந்து வந்தது. நம் சிவப்பு ரகம் எங்கேயோ ஒரு நர்சரியில் முளைத்திருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, கேட்டில் புது செக்யூரிட்டி போட்டார்கள். அடுத்தது, சானமாவு காட்டிலிருந்து யானைகள் ரோட்டுக்கு இறங்கிவிட்டதால் ஒரு நாள் காலையில் ஆட்களை ஏற்றி வரும் இரண்டு வேன் வரவே இல்லை. பாதி ஆள். வாளி வாளியாகப் பூ வந்து நிற்கிறது. மூன்று மணிக்குப் பெங்களூர் லாரி.

அன்று நான்தான் கத்தினேன். "ரிஜெக்டைக் கிள்ளிக்கிட்டு நிக்காதீங்க. காம்போட அப்படியே வாளியில போடுங்க. நல்ல பூவைப் பாருங்க."

போட்டார்கள். சாயங்காலம் அந்த வாளியில் இருந்ததை முனிரத்னா வழக்கம்போலப் பையில் எடுத்துக்கொண்டு போனாள். லாரி தாமதமாகி, அப்போதுதான் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டிக் கணக்குச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு லாரி பக்கம் நின்றேன். கேட்டருகே சத்தம் கேட்டது.

புது செக்யூரிட்டி பையைத் தரையில் கொட்டியிருந்தான். சிவப்புப் பூ. காம்போடு. வீட்டுக்குப் போகிற அத்தனை பேரும் வட்டமாக நின்றார்கள். மேனேஜர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று நாளாகத் தூங்காத மனிதர்.

"காம்பு எங்க போகுது? எந்த நர்சரிக்கு?"

"நர்சரியெல்லாம் தெரியாது சார். குப்பையில கெடந்துச்சு, எடுத்துக்கினேன்."

"எடுக்கச் சொன்னது யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். கண் இமைக்கிற நேரம்தான். பிறகு கீழே கிடந்த பூவைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லல சார்."

எனக்காகச் சொன்ன பொய். அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். நான் அப்போது டெம்பரரி. வருகிற மார்ச்சில் பர்மனென்ட் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இதெல்லாம் ஒரே நொடியில் மனதில் ஓடியது. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன்.

"லாரி கிளம்பணும் சார்."

அந்த இடத்தில் அன்று நான் பேசியது அவ்வளவுதான். அவள் கழுத்திலிருந்த கார்டை செக்யூரிட்டி கழற்றி வாங்கிக்கொண்டான். திருடி என்று யாரோ சொன்னது கேட்டது. லாரி சரியாகக் கிளம்பியது. பூ எல்லாம் போய்ச் சேர்ந்தது. அந்த வருட ஏற்றுமதி நன்றாக இருந்ததாகப் பாராட்டினார்கள்.

நான்கு நாள் ஜெபத்தில் அவளுக்காக வேண்டினேன். ஆண்டவரே, அந்த விதவைக்கு வழி திறந்துவிடும் என்று கேட்டேன். சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பூட்டைத் திறக்கும்படி அவரிடம் கேட்டேன் என்று அப்போது உறைக்கவில்லை. இதற்குள் அவள் வேறு இரண்டு பண்ணைக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறாள். நம் கேட்டிலிருந்து போன் போய்விட்டது. இரண்டு இடத்திலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் டீ நேரம். எல்லாரும் என்னோடு பேசுவது குறைந்திருந்தது. சரோஜா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

"சார், ஒரு கத சொன்னீங்களே. அந்த மாமியா மருமக கத. பெல் அடிச்சதுல பாதியில நின்னுபோச்சு. அப்பறம் என்னாச்சு?"

நல்ல கதை கேட்கிறாளே என்று நானும் சொல்ல ஆரம்பித்தேன். "அப்புறம் என்ன, அந்தக் குடும்பத்து நிலம் கைவிட்டுப் போற நிலைமை. செத்தவன் பேரே ஊரில் இல்லாமப் போயிடும். யாராவது சொந்தக்காரன் முன்னால வந்து மீட்கணும். அந்த நிலத்துக்காரன் விடியக்காலையில எழுந்து நேரா ஊர் வாசலுக்குப் போய் உட்கார்ந்தான். பெரியவங்க பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்கார வச்சு, போறவன் வர்றவன் எல்லாம் கேட்க..."

என் கண் தானாக மெயின் கேட் பக்கம் போனது.

"வாசல்லயா சார்?" என்றாள் சரோஜா. "எல்லாரும் பாக்கறாப்லயா?"

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மேசைக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் மேசையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு அமைதியான கிரேடிங் ஷெட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட கதை அது. அந்த மனிதன் வயலில் காட்டிய இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வாசலில் செய்ததை விட்டுவிட்டேன். வயலில் கதிரை விடுவது சுலபம். நமக்குச் செலவில்லை, பேரும் கெடாது. வாசலில் போய் நின்று, இது என் பொறுப்பு என்று சொல்வதில்தான் அவளுக்கு மீட்பு இருந்தது.

அன்று மதியமே மேனேஜர் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"உங்களை எவ்வளவு நம்பினேன் தெரியுமா? சரி. கதவைச் சாத்துங்க. இதை இத்தோட விடுவோம். சீசன் முடியட்டும், அந்தப் பொண்ணை பின்பக்கம் நர்சரி செக்ஷன்ல சேர்த்துக்கலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். உங்க பர்மனென்ட் ஆர்டரும் கெடாது."

எனக்கு நெஞ்சிலிருந்து கல்லை இறக்கின மாதிரி இருந்தது. கர்த்தர் வழி திறந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, என் மனைவியையும் கூட்டிக்கொண்டு முனிரத்னா வீட்டுக்குப் போனேன். மாமியார் வீட்டு முன்னால் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"முனிரத்னா, சார் வந்திருக்காரு," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து, "மொறத்துல ராகிதான் சார் இருக்குது. காம்பு ஒண்ணும் இல்ல. வேணும்னா கொட்டிக் காட்டவா?" என்றார்.

முனிரத்னா வந்து தண்ணீர் கொடுத்தாள். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். நீ திருடவில்லை என்று எனக்குத் தெரியும் அம்மா, தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எங்கூட்டுக்கு வந்து நான் திருடலன்னு சொல்றீங்க சார். எங்கூட்ல யாரும் நான் திருடினேன்னு சொல்லலியே."

"சீசன் முடிஞ்சதும்..."

"பின்பக்கம் வேல வேணாம் சார். அத்தைய கோயில்கிட்ட திருடி மாமியான்னு கூப்பிடறாங்க. எந்த எடத்துல என் கார்டைக் கழட்டினாங்களோ அந்த எடத்துல சொல்லுங்க. வர்றேன். இல்லன்னா கல்லு ஒடைக்கப் போறேன். அது ஒண்ணும் கேவலம் இல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாகலூர் தாண்டினதும், "அந்தப் பொண்ணு கேட்டதுல என்னங்க தப்பு?" என்றாள்.

"ஆர்டர் போயிடுமே."

"போகட்டும். ஆர்டரை வாங்கி வச்சுக்கிட்டு தினமும் அந்தக் கேட்டைத் தாண்டி எப்படிப் போவீங்க?"

திங்கட்கிழமை காலை ஏழரை. மெயின் கேட் முன்னால் வேன்கள் வந்து ஆட்கள் இறங்குகிற நேரம். பனி விலகவில்லை. நான் சொல்லி அனுப்பியிருந்ததால் முனிரத்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாமியாரோடு நின்றாள். மேனேஜர் ஜீப் உள்ளே திரும்பும்போது நான் குறுக்கே போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்," என்று தலையை ஆட்டினார். நான் ஆட்கள் பக்கம் திரும்பினேன். சபையில் சாட்சி சொல்லிப் பழகிய வாய்தான். ஆனால் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"சத்தமா சார்," என்றாள் சரோஜா கூட்டத்திலிருந்து. "பின்னாடி கேக்கல."

சொன்னேன். பூவை எடுத்துக்கொள்ளச் சொன்னது நான். அன்றைக்குக் காம்போடு போடச் சொன்னதும் நான். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, நான் அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது. எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்று தெலுங்கிலும் சொன்னேன், "தப்பு நாதி." கன்னடத்திலும் சொன்னேன், "தப்பு நந்து." என் தெலுங்கைக் கேட்டு இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா.

மேனேஜர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி செக்யூரிட்டியிடம், "அந்தப் பொண்ணு கார்டு எங்க? எடுத்துக் குடு," என்றார். அது டிராயரில்தான் கிடந்தது. முனிரத்னா ரோட்டைக் கடந்து வந்து வாங்கினாள். முந்தானையால் துடைத்தாள். தானே கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். மாமியார் மட்டும் எனக்குப் பக்கத்தில் வந்து, "நடு ரோட்டுல நிக்காதீங்க சார், வண்டி வருது," என்று கையைப் பிடித்து ஓரமாக இழுத்து விட்டார். மகனை ரோட்டில் இழந்தவர் அல்லவா.

எனக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மார்ச்சில் ஆர்டர் வரவில்லை. ஒரு சீசன் முழுக்க என்னை உரக்குழி வேலையில் போட்டார்கள். பர்மனென்ட் ஆக இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. வீட்டில் கஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரமே மேனேஜர் ஒரு கேட் பாஸ் புத்தகம் அச்சடிக்கச் சொன்னார். கிள்ளிய பூத்தலை, காம்பு இல்லாமல், யாருக்கு, அனுமதித்தவர் யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்றும் நீங்கள் கிழித்துக் கொடுக்கிற அந்த மஞ்சள் சீட்டுக்கு இதுதான் பிறப்பு. ஏதோ ஆபீஸ் தொல்லை என்று அலுத்துக்கொள்கிறீர்கள் என்று கேள்வி. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஆண்டவரும் எங்களை மீட்க ஊர் வாசலுக்கு வெளியே, எல்லாரும் பார்க்கத்தான் பாடுபட்டார். இதை நான் நாற்பது வயது வரை பாடத்தில் மட்டும் படித்திருந்தேன். உங்களில் பலர் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். பரவாயில்லை. உங்களுக்குக் கீழே இருக்கிற ஒருவருக்கு நல்லது செய்யத் தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நாளைக்கு அவர் பையைக் கேட்டருகே கொட்டினால், என் பேரைச் சொல் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லி வையுங்கள். அதைச் சொல்ல முடியாத நல்லதை நான் செய்தேன். அதன் பாரத்தை அவள் தலையில் வைத்தேன்.

முனிரத்னா என்னோடு பழையபடி பேச ஒரு வருடம் ஆனது. அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை. சரோஜா வேலையை விட்டு ஊருக்குப் போன பிறகு முனிரத்னாதான் மேசைக்குத் தலைப்பெண் ஆனாள், அப்புறம் சூப்பர்வைசரும் ஆனாள். நீங்கள் இப்போது மேடம் என்று கூப்பிடுவது அவளைத்தான். இதை எழுதுமுன் அவளிடம் கேட்டேன். "எழுதுங்க சார். ஆனா என்னை அழற மாதிரி எழுதாதீங்க. நான் அழல," என்றாள். உண்மைதான், அவள் அழவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். கையில் ஒரு பொட்டலம். கிளம்பும்போது முனிரத்னா கொடுத்தது. அதற்குள் என்ன என்று நான் பார்க்கவில்லை. செக்யூரிட்டி பையன் தயங்கித் தயங்கி, "சார், நீங்கன்னாலும் செக் பண்ணணும்," என்றான். பிரித்தான். கழுத்து வளைந்த சிவப்பு ரோஜாத் தலைகள். அவற்றின் மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஊசி குத்தியிருந்தது. அவன் அதை நிறுத்தி நிதானமாக, நின்ற எல்லாரும் கேட்க, சத்தமாக வாசித்தான்.

"பொருள், ரிஜெக்ட் பூ, காம்பு இல்லாமல். எடுத்துச் செல்பவர், பழைய சூப்பர்வைசர். அனுமதித்தவர், முனிரத்னா."

"சரியா இருக்கு சார், போலாம்," என்று கேட்டைத் திறந்துவிட்டான்.